எட்டு எழுத்து, 200 ரூபாய்

பத்திரிகை நடத்திப் பெரிய முதலாளி ஆன கதைன்னா எனக்கு முதல்ல ஞாபகம் வர்றது எஸ்.எஸ்.வாசன்தான்.

திருத்துறைப்பூண்டிப் பையன். சின்ன வயசுலயே அப்பா இல்ல, அம்மாதான் வளர்த்தாங்க. சென்னையில படிப்பைப் பாதியில விட்டுட்டு விளம்பர ஏஜெண்ட் ஆனார். ‘ஆனந்த விகடன்’ல அவர் கொடுத்த விளம்பரம் வரல. விசாரிச்சா, பத்திரிகையே நின்னுபோயிருந்தது! எழுத்துக்கு 25 ரூபாய் வீதம், எட்டு எழுத்துக்கு 200 ரூபாய் கொடுத்து 1928-ல அதை வாங்கினார்னு சொல்வாங்க.

கல்கி எழுத வந்தார். விகடன் வீடு வீடாப் போச்சு. அப்புறம் ஜெமினி ஸ்டூடியோ, 1948-ல ‘சந்திரலேகா’.

ஆனா 1941-ல கல்கி, சத்தியாகிரகத்துக்காக விகடனை விட்டுட்டு, சொந்தப் பத்திரிகை தொடங்கினார். பத்திரிகைப் பேரை 200 ரூபாய்க்கு வாங்கலாம். எழுதுற ஆளோட மனசை வாங்க முடியாது. அது வாசனோட கதையில நான் எடுத்துக்கிட்ட பாடம்.