எசப்பாட்டுக்குத் தடை!

ஒருத்தர் ஒரு பாட்டை எடுத்துவிட, எதிராளி அதே மெட்டில் பதிலடி கொடுத்தால் அதை எசப்பாட்டு என்போம், இல்லையா? அமெரிக்காவின் கன்ட்ரி இசையிலும் இந்த வழக்கம் உண்டு. 1952-ல் அப்படி வந்த ஓர் எசப்பாட்டு, ரேடியோக்காரர்களை ரொம்பவே நெளிய வைத்துவிட்டது.

முதலில் ஆண் பாடியதைப் பார்த்துவிடுவோம். ஹாங்க் தாம்ப்ஸன் என்ற டெக்ஸாஸ்காரர் அந்த வருடம் 'தி வைல்ட் சைட் ஆஃப் லைஃப்' என்றொரு இசைத்தட்டு போட்டார். விட்டுப் போன பெண்ணை நினைத்து ஒருவன் புலம்புகிறான். அவளுக்குக் குடும்பத்தைவிட மதுக்கடை வெளிச்சம்தான் பெரிசாம். இந்த மாதிரிப் பெண்களைப் படைத்தவர் கடவுள் என்று அவரையும் வம்புக்கு இழுக்கிறான். கன்ட்ரி பட்டியலில் 15 வாரம் முதலிடம்! யாரும் முகம் சுளிக்கவில்லை.

இதற்குப் பதில் எழுதியவரும் ஓர் ஆண்தான். லூசியானாவைச் சேர்ந்த ஜே.டி.மில்லர். பாடியவர் கிட்டி வெல்ஸ். மூன்று குழந்தைகளுக்குத் தாய். அதற்கு முன் பாடிய இசைத்தட்டுகள் விலைபோகவில்லை. 'பொம்பளை பாடினால் தட்டு விற்காது' என்பது அன்றைய கம்பெனிகளின் வேதவாக்கு. பாட்டை விட்டுவிட்டு வீட்டோடு இருந்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவர், 125 டாலர் கூலி கிடைக்கிறதே என்றுதான் ஸ்டூடியோவுக்குப் போனார்.

பாட்டின் பெயர் 'இட் வாஸன்ட் காட் ஹூ மேட் ஹாங்கி டாங்க் ஏஞ்சல்ஸ்'. சாரம் இதுதான்: கடவுளை ஏன் இழுக்கிறீர்கள்? கல்யாணமான ஆண்கள் பிரம்மச்சாரி வேஷம் போடுவதால்தான் நல்ல பெண்களும் தடம் மாறுகிறார்கள். பழி மட்டும் பெண் தலையிலா?

அவ்வளவுதான். விரசமான பாட்டு என்று என்.பி.சி. ரேடியோ தடை போட்டது. நாஷ்வில்லின் புகழ்பெற்ற 'கிராண்ட் ஓல் ஆப்ரி' மேடையிலும் முதலில் அனுமதி இல்லை. யோசித்துப் பாருங்கள். மெட்டு அதேதான். அதுவும் கார்ட்டர் குடும்பத்தார் 1929-லேயே பாடிவிட்ட பழைய மெட்டு. அதில் பக்திப் பாட்டுகூட வந்திருக்கிறது. மதுக்கடை சமாசாரமும் அதேதான். மாறியது ஒன்றே ஒன்று: குற்றவாளிக் கூண்டில் இப்போது ஆண் நின்றான்!

ஆனால், ஜனங்கள் காசு கொடுத்துத் தட்டு வாங்குவதை எந்த ரேடியோவால் தடுக்க முடியும்? ஆகஸ்டில் பாட்டு முதலிடத்துக்குப் போனது. ஆறு வாரம் அங்கேயே உட்கார்ந்தது. கன்ட்ரி பட்டியலில் தனியாகப் பாடி அந்த இடத்தைப் பிடித்த முதல் பெண் கிட்டி வெல்ஸ். தடுத்த ஆப்ரியே அதே வருடம் அவரைத் தன் உறுப்பினராக்கிக் கொண்டது. பின்னால் பாட்ஸி க்ளைன், லொரெட்டா லின் என்று பெண்கள் வரிசையாக வந்தார்கள். கம்பெனிகளின் வேதவாக்கு காற்றில் போனது.

இன்னொரு வேடிக்கை. குடும்பத்துக்கு ஆகாத பாட்டைப் பாடியதாகப் பேர் வாங்கிய இந்த அம்மணி, 1937-ல் மணந்த ஜானி ரைட்டோடு அவர் 2011-ல் இறக்கும்வரை 74 வருடம் குடித்தனம் நடத்தினார். அடுத்த வருடம் அவரும் போய்ச் சேர்ந்தார்.

அந்த இசைத்தட்டு? தேசத்தின் பொக்கிஷம் என்று அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தின் பதிவேட்டில் ஏறி, பத்திரமாக இருக்கிறது!