ஐஸ் டீ வந்த வழி



மலருக்கு கட்டுரை எழுதச் சொன்னார்கள். நம்ம குழுக்கள் சித்திரை வெயிலில் திருத்தணி மலை அடிவாரத்தில் கடை போடும்போது அதிகமா கேட்டு வாங்குவது ஐஸ் டீதான். அதோட வரலாற்றையே எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எழுத எழுத நான் செய்த ஒரு தப்பும் அதில் வந்து சேர்ந்துகொண்டது. அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன்.

நம்ம பக்கம் வெயிலுக்கு ஐஸ் டீ புதுசு. நம்ம பாட்டி காலத்தில் மோர், பானகம், பானைத் தண்ணி, இவ்வளவுதான். பானையில் தண்ணி கசிந்து வெளிப்பக்கம் ஆவியாகும்போது உள்ளே இருக்கிற சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். கரண்ட் இல்லாத காலத்தில் அதுதான் நம்ம பிரிட்ஜ்.

டீ நம்ம வீட்டுக்கு வந்ததே ரொம்ப பிந்தித்தான். நீலகிரியில் 1830-களில் தேயிலைச் செடியை நட்டுப் பார்த்தார்கள். 1860-களில்தான் அங்கே தோட்டங்கள் பெருகத் தொடங்கின. ஆனால் விளைந்த நல்ல தேயிலை எல்லாம் கப்பலில் வெளிநாட்டுக்குப் போனது. மலையில் கொழுந்து கிள்ளிய பெண்கள் அதைக் குடித்தவர்கள் இல்லை. பிறகு தேயிலை தேங்கிப் போகாமல் இருக்க நம்ம ஜனங்களையும் டீ குடிக்கப் பழக்கணும் என்று வியாபாரிகள் முடிவு செய்தார்கள். விளம்பரத்துக்காகவே 1903-ல் தேயிலை மேல் ஒரு வரி போட்டு பணம் சேர்த்தார்கள். ஊர் ஊரா ஆள் அனுப்பி டீ போட்டுக் காட்டி, குடிக்கக் கொடுத்தார்கள். இன்னிக்கு டீ இல்லாமல் விடியாது என்கிறோமே, அந்தப் பழக்கம் அப்படி வந்ததுதான்.

சரி, டீ வந்த கதை இது. ஐஸ் எங்கே இருந்து வந்தது?

நம்மில் நிறைய பேர் மணவூரில் ரயில் ஏறி சென்னை போய், பிள்ளைகளை மெரினா பீச்சுக்கு கூட்டிப் போயிருப்போம். அங்கே கடலைப் பார்த்த மாதிரி வட்டமா ஒரு பழைய கட்டடம் இருக்கு. இப்போ அதுக்கு விவேகானந்தர் இல்லம் என்று பெயர். ஆனால் பஸ் கண்டக்டர் அந்தப் பக்கத்தை ஐஸ் அவுஸ் என்றுதான் சொல்லுவார். காரணம், அது 1842-ல் ஐஸ் வைப்பதற்காகவே கட்டின வீடு.

அந்த ஐஸ் நம்ம நாட்டில் செய்தது இல்லை. அமெரிக்காவில் பாஸ்டன் என்ற ஊர்ப் பக்கம் குளிர்காலத்தில் ஏரி உறைந்து போகும். பிரெடரிக் டியூடர் என்ற வியாபாரி அதைக் கட்டி கட்டியா வெட்டி, மரத்தூள் போட்டு மூடி, கப்பலில் ஏற்றினார். முதல் கப்பல் 1833-ல் கல்கத்தாவுக்கு வந்தது. நாலு மாசப் பயணம். ஏற்றினது 180 டன், வந்து சேர்ந்தது சுமார் 100 டன். கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ் மூன்று ஊரிலும் ஐஸ் வீடு கட்டினார்கள். இன்னிக்கு நிற்பது நம்ம மெட்ராஸ் வீடு மட்டும்தான். அந்த ஐஸ் வெள்ளைக்காரருக்கும் பணக்காரருக்கும்தான் கட்டுப்படியானது. 1870-களில் இங்கேயே மெஷினில் ஐஸ் செய்ய ஆரம்பித்ததும் கப்பல் ஐஸ் வியாபாரம் படுத்துவிட்டது.

அந்த வீட்டுக் கதை அதோட முடியவில்லை. 1897-ல் விவேகானந்தர் அங்கே தங்கினார். பிறகு சகோதரி சுப்புலட்சுமி அம்மா, சின்ன வயசிலேயே புருஷனை இழந்த பெண்களை அந்த வீட்டில் தங்க வைத்துப் படிக்க வைத்தார். அந்த அம்மாவும் சின்ன வயசில் விதவையானவர்தான். பணக்காரர் குடிக்கிறதுக்கு ஐஸ் வைத்த வீட்டில், மூலையில் உட்கார வைக்கப்பட்ட பெண்கள் புத்தகத்தோடு உட்கார்ந்து படித்து டீச்சர் ஆனார்கள். இனிமேல் அந்தப் பக்கம் போனால் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் காட்டுங்கள்.

இப்போ டீயும் ஐஸும் எங்கே சேர்ந்தது என்று பார்ப்போம்.

பொதுவா சொல்லுகிற கதை இது. 1904-ல் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்தில் ஒரு பெரிய உலகக் கண்காட்சி நடந்தது. நம்ம நாட்டுத் தேயிலையை விற்க ரிச்சர்ட் பிளெச்சின்டன் என்ற வெள்ளைக்காரர் அங்கே கடை போட்டிருந்தார். கடுமையான வெயில். சூடான டீயை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. உடனே அவர் டீயில் ஐஸ் போட்டுக் கொடுத்தார், கூட்டம் குவிந்தது, ஐஸ் டீ பிறந்தது என்று சொல்லுவார்கள்.

அவர் விற்றது உண்மையா இருக்கலாம். ஆனால் ஐஸ் டீயை அவர் கண்டுபிடிக்கவில்லை. அதுக்கு 25 வருஷம் முன்னாடி, 1879-ல், மேரியன் கேபல் டைரீ என்ற பெண் ஒரு சமையல் புத்தகம் வெளியிட்டார். அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் 250 குடும்பப் பெண்களிடம் செய்முறை கேட்டு வாங்கித் தொகுத்த புத்தகம். அதில் ஐஸ் டீ இருக்கு. காலையிலேயே டீயைப் போட்டு வை, கிளறாமல் வடிகட்டு, அடியில் தங்கின கசடை விட்டுவிட்டு தெளிவை மட்டும் எடு, தம்ளரில் ஐஸும் சர்க்கரையும் போட்டு அதன் மேல் ஊற்று என்று அளவோடு எழுதியிருக்கு.

அந்த மாநிலத்தில் 1865 வரைக்கும் அடிமை முறை இருந்தது. பெரிய வீட்டு அடுப்படிகளில் வெந்தது கருப்பின அடிமைப் பெண்கள். அவங்க கைப்பக்குவமும் அந்தப் புத்தகத்துக்குள் இருக்கும் என்றுதான் எனக்குத் தோணுது. எழுதப் படிக்கக்கூட விடாத பெண்கள் தங்கள் பெயரை எங்கே போய் எழுதுவாங்க?

இதைத் தெரிந்துகொண்டபோது எனக்குச் சுருக்கென்று இருந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

எங்க குழுவில் ஐஸ் டீயை ஆரம்பித்தது மூத்த அக்கா ஒருத்தர். அவங்க போடும் டீ கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கும். அவங்க ஆந்திரா புத்தூரில் மகள் வீட்டோட போய்விட்டாங்க. அடுத்த வெயிலுக்கு நாங்களே போட்டோம். டிகாஷனை பத்து நிமிஷம் கொதிக்க விட்டு, சூட்டோட ஐஸில் ஊற்றினோம். கலங்கிப் போய் கசந்தது. வாங்கினவங்க பாதி குடித்து வைத்துவிட்டுப் போனாங்க. ஒரு அண்டா டீயை மண்ணில் கொட்டினோம்.

அளவு எங்காவது எழுதி இருக்கா என்று தீர்மான நோட்டைப் புரட்டினேன். வரவு இருக்கு, செலவு இருக்கு, தம்ளர் வாங்கின கணக்கு இருக்கு. "குழு சார்பில் ஐஸ் டீ விற்பனை" என்று ஒரு வரி இருக்கு. யார் செய்தது, எப்படிச் செய்தது, ஒரு சொல் இல்லை. அந்த நோட்டை எழுதினவள் நான்தான். பத்தாவது படித்த கை. அடுப்படி விஷயம்தானே, இதை எதுக்கு எழுதணும் என்று விட்டிருக்கிறேன்.

அக்காவுக்கு போன் செய்து கேட்டு எழுதினது இது. பத்து தம்ளருக்கான அளவு:

ஒரு லிட்டர் தண்ணியை நல்லா கொதிக்க வைத்து அடுப்பை அணைக்கணும். அணைத்த பிறகுதான் தலை தட்டின அஞ்சு டீஸ்பூன் டீத்தூள் போடணும். மூடி வைத்து நாலு நிமிஷம், அதுக்கு மேல் வேண்டாம். நேரம் கூடினால் துவர்ப்பு இறங்கி கசக்கும். பிழியாமல் வடிகட்டி, சூடு இருக்கும்போதே நூறு கிராம் சர்க்கரையைக் கரைக்கணும். ஆறின பிறகு சர்க்கரை சரியா கரையாது.

இதுக்கு அப்புறம்தான் பொறுமை வேண்டும். டீ தானா ஆறணும். சூட்டோட குளிரில் வைத்தால் டீயின் சாயமும் துவர்ப்பும் ஒண்ணா சேர்ந்து திரண்டு கலங்கிவிடும். கலங்கினாலும் கெட்டுப் போனது இல்லை, கொஞ்சம் வெந்நீர் விட்டால் தெளியும். முழுசா ஆறின பிறகு ரெண்டு எலுமிச்சம்பழச் சாறு விடணும். நிறம் கொஞ்சம் வெளுக்கும், பயப்பட வேண்டாம். தம்ளருக்கு ரெண்டு புதினா இலை போதும்.

ஐஸ், காய்ச்சி ஆறின தண்ணியில் நம்ம வீட்டு பிரிட்ஜில் வைத்ததா இருக்கணும். வெளியே வாங்கும் பெரிய ஐஸ் கட்டியை பாத்திரத்தைச் சுற்றி வைத்துக் குளிர வைக்கலாம், தம்ளருக்குள் போடக் கூடாது. மிச்சமான டீயை மறுநாள் விற்கக் கூடாது. மலைக்கு வருகிறவங்க சாமியை நம்பி வருகிறாங்க, வழியில் நம்மையும் நம்பித்தான் குடிக்கிறாங்க.

"மலரில் உங்க பேரைப் போடட்டுமாக்கா?" என்று கேட்டேன். "பேரு எதுக்கு கண்ணு, அளவைத் தப்பில்லாம போடு, அது போதும்" என்றாங்க. அதனால் இங்கே பேர் போடவில்லை. ஆனால் தீர்மான நோட்டில் ஒரு புதுப் பக்கம் திருப்பி, அக்கா பேர், ஊர், அளவு எல்லாம் எழுதி, உறுப்பினர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்கோம்.

ஒவ்வொரு குழுவிலும் ஊறுகாய் போடுகிற கை ஒண்ணு இருக்கும், மசாலா அரைக்கிற கை ஒண்ணு இருக்கும். அவங்க நம்மோட இருக்கும்போதே கேட்டு நோட்டில் எழுதி வையுங்கள் சகோதரிகளே. 250 பெண்கள் சொன்னது புத்தகமானதால்தான் ஐஸ் டீயின் உண்மையான கதை இன்னிக்கு நமக்குத் தெரியுது. நம்ம கதையும் நம்ம கையெழுத்தில் இருக்கட்டும்.