நசுக்கிய எறும்பும் ஐம்பது தங்கப் பதக்கமும்

செமஸ்டர் பரீட்சை ஒருவழியாக முடிந்தது. அதனால் மறுபடியும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

இந்த முறை விஷயம் ஒயின். பயப்படாதீர்கள், நான் ஒரு சொட்டுகூடக் குடித்ததில்லை. பி.காம் படிப்பவனுக்கு ஒயின் மேல் ஆர்வம் வந்ததற்குக் காரணம் எங்கள் காஸ்டிங் வகுப்புதான். லாபம் தராத ஒரு ப்ராஜெக்டை எப்போது நிறுத்துவது என்று பாடம் நடந்தது. "போட்ட பணத்தைப் பார்க்காதே, இனி வரப்போகிற பணத்தைப் பார்" என்பது விதி. சரி, இனி வரப்போவது என்னவென்று யாருக்குத் தெரியும் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டதுதான் பென்ஃபோல்ட்ஸ் கிரேஞ்ச் என்ற ஆஸ்திரேலியச் சிவப்பு ஒயினின் கதை.

முதலில் கொஞ்சம் பின்னணி.

ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தத் திராட்சை கிடையாது. 1788ல் கைதிகளை ஏற்றிவந்த முதல் கப்பல் கூட்டத்தோடுதான் கொடிகளும் வந்தன. ஜேம்ஸ் பஸ்பி என்பவர் 1831ல் ஃபிரான்ஸ், ஸ்பெயின் முழுக்கச் சுற்றி நூற்றுக்கணக்கான வகைக் கொடிகளைச் சேகரித்தார். அவை 1832ல் சிட்னி வந்து சேர்ந்தன. ஃபிரெஞ்சுக்காரர்கள் சிரா என்று சொல்லும் திராட்சை இங்கே ஷிராஸ் ஆனது. பிறகு ஃபிலாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி ஐரோப்பியத் தோட்டங்களை அழித்தது. 1877ல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்துக்கும் வந்தது. ஆனால் தெற்கு ஆஸ்திரேலியா மாநிலத்துக்குள் அது நுழையவில்லை. அதனால் பரோஸா பள்ளத்தாக்கில் 1840களில் நட்ட ஷிராஸ் கொடிகள் இன்றும் காய்க்கின்றன.

அடிலெய்டு பக்கத்தில் மகில் என்ற இடத்தில் 1844ல் குடியேறியவர் இங்கிலாந்து டாக்டர் கிறிஸ்டோஃபர் ராசன் பென்ஃபோல்ட். அவர் வைத்தியம் பார்க்க, மனைவி மேரி தோட்டத்தையும் ஒயினையும் கவனித்துக்கொண்டார். அவர்கள் வீட்டின் பெயர்தான் கிரேஞ்ச்.

இனி நம் கதாநாயகன். மாக்ஸ் ஷூபர்ட், 1915ல் பரோஸா பக்கத்து ஜெர்மன் வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தவர். 1931ல் பென்ஃபோல்ட்ஸ் கம்பெனியில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். 1948ல் தலைமை ஒயின் தயாரிப்பாளர். நம்ம ஊர் சினிமாவில் வருகிற மாதிரியான வளர்ச்சி!

அந்தக் காலத்தில் ஆஸ்திரேலியர்கள் அதிகம் குடித்தது போர்ட், ஷெர்ரி போன்ற, ஸ்பிரிட் சேர்த்த ஒயின்கள்தான். ஷெர்ரி செய்முறையைக் கற்று வரச்சொல்லித்தான் கம்பெனி அவரை 1950ல் ஸ்பெயினுக்கு அனுப்பியது. போன மனிதர் ஃபிரான்ஸில் போர்டோவுக்கும் போனார். அங்கே கிறிஸ்டியன் குரூஸ் என்ற வியாபாரி, நாற்பது ஐம்பது வருடம் பாட்டிலில் இருந்த சிவப்பு ஒயின்களைக் கொடுத்தார். இத்தனை வயதுக்குப் பிறகும் அவை உயிரோடு இருந்தன. ஊர் திரும்பும்போதே ஷூபர்ட் முடிவு செய்துவிட்டார், இப்படி ஒன்றை நாமும் செய்யவேண்டும் என்று.

போர்டோவில் காபர்னே திராட்சை. தெற்கு ஆஸ்திரேலியாவில் அது அப்போது அரிது. ஆனால் ஷிராஸ் தாராளம். போர்டோவில் ஃபிரெஞ்சு ஓக் பீப்பாய், இவர் எடுத்துக்கொண்டது அமெரிக்க ஓக். அதாவது காப்பியடிக்கவில்லை, யோசனையை மட்டும் எடுத்துக்கொண்டார். 1951ல் மகில், மார்ஃபெட் வேல் என இரண்டு தோட்டத்துப் பழங்கள், ஐந்து புதுப் பீப்பாய்கள். ஒரு பீப்பாய் சுமார் 300 லிட்டர். சூடு ஏறாமல் பார்த்துக்கொண்டு மெதுவாக நொதிக்க விட்டார். தோல் மேலே மிதந்து காய்ந்துவிடாமல் சாற்றுக்குள்ளேயே அமுக்கி வைத்தார். நிறமும் துவர்ப்பும் தோலில்தான் இருக்கின்றன. நொதித்தல் முழுசாக முடிவதற்கு முன்பே சாற்றைப் பீப்பாய்க்கு மாற்றினார்.

இங்கே கொஞ்சம் சுவையைப் பற்றிப் பேசவேண்டும். குடித்ததில்லை என்றாலும் இதுபற்றி நிறையப் படித்தேன். இளம் ஷிராஸ் ஏறக்குறைய கருப்பு நிறம். கருப்பு பெர்ரி, பிளம், மிளகு, சாக்லேட், அதிமதுரம் போன்ற வாசனைகள் சொல்கிறார்கள். அமெரிக்க ஓக்கிலிருந்து வெனிலாவும் தேங்காயும் வருகிறதாம். எல்லாவற்றுக்கும் மேலே டானின். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் இதை விளக்க ஒரு பத்தி எழுதுகிறார்கள். நமக்கு ஒரே சொல் போதும், துவர்ப்பு. நாவல்பழம் தின்றபின் நாக்கு இழுக்குமே, அதிக நேரம் கொதித்த பால் சேர்க்காத டீ வாயைக் காயவைக்குமே, அதேதான். வருடங்கள் போகப்போக இந்த டானின்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி, கொஞ்சம் அடியில் வண்டலாகப் படியும். ஒயின் மென்மையாகும். கருப்பு செங்கல் நிறத்துக்கு மாறும். பழ வாசனை குறைந்து தோல், புகையிலை, ஈரமண் என்று வேறு வாசனைகள் வரும். ஆக, இளம் கிரேஞ்ச் கரடுமுரடாக இருந்தது தவறே இல்லை. இருபது வருடம் தாங்க அந்தக் கரடுமுரடு வேண்டும்.

இது கம்பெனி போர்டுக்குப் புரியவில்லை.

1956 வாக்கில், இத்தனை வருடமாகப் பணம் போகிறதே, என்னதான் செய்திருக்கிறார் பார்ப்போம் என்று சிட்னி தலைமை அலுவலகத்தில் ஒரு சுவை பார்க்கும் நிகழ்ச்சி வைத்தார்கள். நிர்வாகிகள், ஒயின் தெரிந்த பெரிய மனிதர்கள் எல்லோரும் வந்தார்கள். படுதோல்வி. காட்டுப் பழங்களோடு எறும்பை நசுக்கிப் போட்டது போல் இருக்கிறது என்றார் ஒருவர். நல்ல போர்ட் செய்திருக்கிறாய், ஆனால் புத்தியுள்ளவன் எவனும் வாங்கமாட்டான் என்று பாராட்டுவது போலவே குத்தினார் இன்னொருவர். 1957 அறுவடைக்கு முன்னால் எழுத்து மூலம் உத்தரவு வந்தது, கிரேஞ்ச் தயாரிப்பை நிறுத்து.

இங்கேதான் நான் நின்றுவிட்டேன். போர்டு முட்டாள்களா? காமர்ஸ் மாணவனாகச் சொன்னால், இல்லை. விற்காத சரக்கு நிலவறையில் சேர்ந்துகொண்டே போகிறது. சரக்கிருப்பை அடக்க விலை, விற்றால் கிடைக்கும் நிகர விலை, இரண்டில் எது குறைவோ அதில் எழுதவேண்டும் என்று படிக்கிறோம். யாரும் வாங்கமாட்டார்கள் என்று நிபுணர்களே சொன்ன சரக்குக்கு என்ன மதிப்பு எழுதுவீர்கள்? என் பரீட்சையில் இந்தக் கேள்வி வந்திருந்தால் நானும் "நிறுத்து" என்றுதான் எழுதி மார்க் வாங்கியிருப்பேன்.

ஷூபர்ட் நிறுத்தவில்லை. சிட்னி ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது வசதியாகப் போயிற்று. பென்ஃபோல்ட் குடும்பத்தைச் சேர்ந்த அடிலெய்டு நிர்வாகி ஜெஃப்ரி பென்ஃபோல்ட் ஹைலண்ட் துணை நின்றார். 1957, 1958, 1959 மூன்று வருடமும் ரகசியமாகத் தயாரித்தார்கள். மகில் நிலவறைச் சுரங்கங்களில் மறைத்தார்கள். புதுப் பீப்பாய் வாங்கக் கணக்கில் பணம் கேட்க முடியாது. அதனால் பழைய பீப்பாய்கள்தான்.

அதற்குள் பழைய பாட்டில்கள் தம் வேலையைச் செய்துகொண்டிருந்தன. 1951, 1955 ஒயின்கள் வயது ஏற ஏற மென்மையாகின. போர்டு மறுபடி சுவைத்தது, மனம் மாறியது. 1960 அறுவடைக்கு முன் மீண்டும் தயாரிக்க உத்தரவு வந்தது. 1962 சிட்னி ஒயின் கண்காட்சியில் 1955 கிரேஞ்சுக்குத் தங்கப் பதக்கம். அந்த ஒரே ஒயின், போட்டியிலிருந்து விலக்கப்படும் வரை ஐம்பதுக்கும் மேற்பட்ட தங்கம் வாங்கியது. 1979ல் பாரிஸில் நடந்த ஒயின் ஒலிம்பிக்கில் 1971 கிரேஞ்ச் ஷிராஸ் பிரிவில் முதலிடம். 1990 கிரேஞ்சை 1995ல் ஒயின் ஸ்பெக்டேட்டர் பத்திரிகை அந்த ஆண்டின் சிறந்த ஒயின் என்றது.

இந்தப் பதக்கங்களை எப்படிக் கொடுக்கிறார்கள் தெரியுமா? லேபிளை மறைத்து 20 மார்க்குக்குத் திருத்துவார்கள். நிறத்துக்கு 3, வாசனைக்கு 7, வாய்ச்சுவைக்கு 10. 18.5 வாங்கினால் தங்கம், 17 வெள்ளி, 15.5 வெண்கலம். சமீப காலத்தில் பல கண்காட்சிகள் 100 மார்க்குக்கு மாறிவிட்டன.

ஆனால் மார்க் போடுகிறவர் இன்று வாயில் இருப்பதற்குத்தான் போட முடியும். 1962ல் மெல்பர்னில் ஆரம்பித்த ஜிம்மி வாட்சன் டிராஃபி அங்கே மிகப் பிரபலம். ஒரு வயது சிவப்பு ஒயினுக்கான பரிசு அது. வோல்ஃப் பிளாஸ் என்பவர் 1974, 75, 76 என மூன்று வருடம் தொடர்ந்து வென்று பெரிய ஆள் ஆனார். ஆனால் பரிசு வாங்குகிற ஒயின் பல சமயம் பாட்டிலுக்கே வந்திருக்காது, பீப்பாயில்தான் இருக்கும். பாதி வெந்த சோற்றுக்குப் பரிசா என்று விமர்சனம் எழுந்தது. பின்னாளில் இரண்டு வயது ஒயினையும் சேர்த்துக்கொண்டார்கள். சிட்னி போர்டு செய்த தவறும் இதுதானே? அவர்கள் நாக்கு பொய் சொல்லவில்லை. கேள்வியைத்தான் பத்து வருடம் முன்கூட்டியே கேட்டுவிட்டார்கள்.

கடைசியாக ஒரு தமாஷ். 2014 ஏப்ரலில் நியூ சவுத் வேல்ஸ் மாநில முதல்வர் பாரி ஓ'ஃபாரல் ராஜினாமா செய்தார். 2011ல் வந்த ஒரு பாட்டில் பரிசை ஊழல் தடுப்பு ஆணையத்தின் முன் "வாங்கவில்லை" என்று சொல்லிவிட்டார். மறுநாள் அவரே கைப்பட எழுதிய நன்றிக் கடிதம் வெளியே வந்தது. வேண்டுமென்று சொல்லவில்லை, மறந்துவிட்டேன் என்றார். அந்த பாட்டில், அவர் பிறந்த வருடமான 1959ன் கிரேஞ்ச். விலை சுமார் 3000 ஆஸ்திரேலிய டாலர். அதாவது கணக்கில் வராமல் சுரங்கத்தில் ஒளித்த அதே மூன்று வருடச் சரக்கில் ஒன்று, கடைசியில் பரிசுக் கணக்கிலும் வராமல் ஒரு முதல்வரையே கவிழ்த்துவிட்டது!

ஷூபர்ட் 1994ல் இறந்தார். அவர் ஜெயித்ததால் இந்தக் கதை நமக்குத் தெரிகிறது. உத்தரவை மீறித் தோற்றவர்கள் கதையை யாரும் எழுதுவதில்லை என்பதும் உண்மைதான். அதனால் "மேலதிகாரி பேச்சைக் கேட்காதே" என்று நான் முடிக்கப் போவதில்லை. ஒன்று மட்டும் சொல்வேன். எங்கள் கணக்குப் புத்தகத்தில் வருடம் மார்ச் 31ல் முடிகிறது. சில சரக்குகளுக்கு அந்தத் தேதி தெரியாது.

பி.கு: மதுப்பழக்கம் உடலுக்குக் கேடு. நாவல்பழம் சீசனில் வாங்கிச் சாப்பிடுங்கள், துவர்ப்பு இலவசம் :)