பத்தொன்பது கடிதங்களில் பிறந்த வாக்கெடுப்பு

2022 ஜூன் 29 இரவு மகாராஷ்டிர முதல்வர் உத்தவ் தாக்கரே பதவி விலகினார். தாராவியில் இருக்கும் மாட்டுங்கா லேபர் கேம்ப் தமிழர்களுக்கு அது முதல்வர் மாளிகை இருக்கும் மலபார் ஹில் விவகாரம் மட்டுமல்ல. தாராவித் தொகுதி எம்.எல்.ஏ. வர்ஷா கெயிக்வாட் அந்த அமைச்சரவையில் பள்ளிக்கல்வித் துறையை வைத்திருந்தார். மறுநாளே சட்டமன்றத்தில் பெரும்பான்மையைக் காட்டச் சொல்லி ஆளுநர் பகத்சிங் கோஷ்யாரி கெடு வைத்திருந்தார். உச்ச நீதிமன்றம் தடை தரவில்லை. அவைக்கே போகாமல் உத்தவ் இறங்கிவிட்டார்.

முதல்வரை இறக்கிய அந்த நம்பிக்கை வாக்கெடுப்பு, முதல்வர்களைக் காப்பாற்றப் பிறந்தது என்பதுதான் வேடிக்கை.

ஒரு காலத்தில் முதல்வரின் ஆயுள் ராஜ்பவனில் இருந்தது. 1984 ஆகஸ்டில் ஆந்திர ஆளுநர் ராம்லால் என்.டி.ராமாராவை நீக்கினார். தலையை எண்ணிக்கொள்ளுங்கள் என்று எம்.எல்.ஏ.க்களை டெல்லிக்கே கூட்டிப்போய்க் குடியரசுத் தலைவர் முன் நிறுத்தினார் ராமாராவ். சட்டமன்றம் என்று ஒன்று ஹைதராபாத்தில் இருக்கும்போது இந்த அலைச்சல்! ஒரு மாதத்தில் அவர் திரும்பி வந்தது மக்கள் கொந்தளிப்பால், சட்டத்தால் அல்ல. பெரும்பான்மையை அவையில்தான் பார்க்கவேண்டும் என்று 1988-ல் சர்க்காரியா கமிஷன் எழுதிக்கொடுத்தது. பரிந்துரைதானே, யார் மதித்தார்கள்?

அடுத்த வருஷமே கர்நாடகத்தில் வினை வந்தது. 1989 ஏப்ரலில் ஜனதா தள எம்.எல்.ஏ. மொளகேரி கட்சி மாறி, ஆதரவை விலக்கிக்கொள்வதாகச் சொல்லும் 19 கடிதங்களை ஆளுநர் வேங்கடசுப்பையாவிடம் கொடுத்தார். அவற்றில் கையெழுத்திட்ட ஏழு பேர், எங்களை ஏமாற்றி வாங்கிவிட்டார்கள் என்று உடனே பின்வாங்கினார்கள். அவை ஏப்ரல் 27-ல் கூடுவதாக இருந்தது. வேண்டுமானால் முன்கூட்டியே கூட்டி நிரூபிக்கிறேன் என்றார் முதல்வர் எஸ்.ஆர்.பொம்மை. ஆளுநர் காத்திருக்கவில்லை. அவர் அறிக்கையின்பேரில் 21-ம் தேதி குடியரசுத் தலைவர் ஆட்சி வந்துவிட்டது.

கர்நாடக உயர் நீதிமன்றம் பொம்மையின் மனுவைத் தள்ளியது. உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் திருப்புடைமருதூர்க்காரர் எஸ்.ரத்னவேல் பாண்டியன். லேபர் கேம்ப்பில் பாதிப்பேருக்கு நெல்லைச் சீமைதான் பூர்வீகம் என்பதால் இதைச் சொல்லாமல் விட மனமில்லை. 1994 மார்ச் 11-ல் தீர்ப்பு வந்தது: ஓர் அரசுக்குப் பெரும்பான்மை உண்டா இல்லையா என்பதை ஆளுநரின் மனம் முடிவுசெய்யக் கூடாது, அவையின் தளம்தான் முடிவுசெய்யும். கர்நாடகக் கலைப்பு செல்லாது என்றும் ஆனது. அதற்குள் அங்கே தேர்தலே முடிந்து வேறு ஆட்சி வந்திருந்தது. பொம்மையின் நாற்காலி போனது போனதுதான்.

1998-ல் உத்தரப் பிரதேசத்தில் இந்த விதி பலித்தது. ஆளுநர் நீக்கிய முதல்வர் கல்யாண் சிங், தன் இடத்தில் அமர்த்தப்பட்ட ஜெகதாம்பிகா பாலை அவையில் 225-க்கு 196 என்று வென்று நிலைத்தார். மும்பையிலும் ஒருமுறை பலித்தது. 2019 நவம்பர் 23 விடியற்காலையில் கோஷ்யாரி பட்னாவிஸுக்கு முதல்வராகப் பதவிப்பிரமாணம் செய்துவைத்தார். நேரலையில் வாக்கெடுப்பு நடத்துங்கள் என்று உச்ச நீதிமன்றம் 26-ம் தேதி சொன்னதும் அன்றே பட்னாவிஸ் விலகினார்.

2022-ல் அதே கோஷ்யாரி கையில் அதே வாக்கெடுப்பு. உத்தவின் கட்சிக்குள்ளேயே கிளர்ந்தெழுந்த ஷிண்டே அணி சூரத் போய், குவாஹாத்தி ஓட்டலில் தங்கியிருந்தது. கட்சிக்குள் நடக்கும் சண்டையைத் தீர்க்க ஆளுநர் வாக்கெடுப்பைக் கருவியாக்கினார். அது தவறு, அரசு பெரும்பான்மை இழந்ததற்குத் தக்க ஆதாரம் அவரிடம் இல்லை என்று 2023 மே 11-ல் அரசியல் சாசன அமர்வு சொன்னது. ஆனால் வாக்கெடுப்பைச் சந்திக்காமல் தானே விலகியவரைத் திரும்ப உட்கார வைக்க முடியாது என்றும் சொன்னது. உத்தவ் ஒரு நாள் பொறுத்து அவைக்குப் போய்த் தோற்றிருக்கலாம் என்பது என் கட்சி.

தீர்ப்பு வருவதற்குள் தாராவியில் வேலை நடந்துவிட்டது. செக்லிங்க் நிறுவனம் முன்பு வென்றிருந்த சீரமைப்பு டெண்டரை 2020-ல் உத்தவ் அரசு ரத்து செய்திருந்தது. அவருக்குப் பின் வந்த ஷிண்டே அரசு புது டெண்டர் விட்டது. ஆட்சி மாறிய ஐந்தாம் மாதம், 2022 நவம்பரில், 5,069 கோடி ரூபாய்க்குக் கேட்ட அதானி குழுமம் அதை எடுத்தது.