காயல் துறைமுகம்: ஒரு வரலாற்றுப் படிப்பினை



கடலோர ஊர்களை அழிப்பவை படையெடுப்பும் புயலும் மட்டுமல்ல. ஆற்று வண்டலும் ஒரு துறைமுகத்தை மூடிவிடும். காசிமேட்டில் கடலை நம்பி வாழும் நாம், தூத்துக்குடிக்கும் திருச்செந்தூருக்கும் இடையே உள்ள பழையகாயல் என்னும் சிற்றூரின் வரலாற்றை அறிவது அவசியமாகும்.

பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி, மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. சங்க காலத்தில் அதன் கழிமுகத்தில் விளங்கிய துறைமுகம் கொற்கை. கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்க மாலுமிகளும் அதன் முத்துக்குளிப்பை அறிந்திருந்தனர். ஆனால் ஆறு ஆண்டுதோறும் சுமந்துவந்த வண்டல் படிந்து, கடல் கிழக்கே விலகியது. இன்று கொற்கை, கடலிலிருந்து சுமார் 6 கிலோமீட்டர் உள்ளே, வயல்களுக்கு நடுவே இருக்கிறது.

கொற்கை தூர்ந்தபின் புதிய கழிமுகத்தில் எழுந்ததே காயல். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்க்கோ போலோ, ஹுர்முஸ், கைஸ், ஏடன் ஆகிய இடங்களிலிருந்து குதிரைகளுடன் வரும் கப்பல்கள் இத்துறையைத் தொடுவதாக எழுதினார். ஆண்டுக்கு 1400 குதிரைகளை அனுப்ப கைஸ் தீவின் ஜமாலுத்தீன் ஒப்பந்தம் செய்திருந்தார் என்றும், ஒரு குதிரையின் விலை 220 பொன் தினார் என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் குறிக்கிறார். வழியில் இறந்த குதிரைக்கும் பாண்டியர் கருவூலம் விலை கொடுத்தது. அவருடைய சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டிய மன்னரின் அமைச்சராக இருந்து, காயலை நிர்வகித்தார். நேர்மையான வணிகம் மாற்று மதத்தாரிடையே எத்தகைய நம்பிக்கையை வளர்த்தது என்பதற்கு இதுவே சான்று.

அந்தக் காயலையும் அதே வண்டல் விட்டுவைக்கவில்லை. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வந்தபின் வணிகம் தூத்துக்குடிக்கு மாறியது. 19ஆம் நூற்றாண்டில் கால்டுவெல் அங்கு அகழ்ந்தபோது, சீனப் பீங்கான் ஓடுகள் மண்ணில் சிதறிக் கிடக்கக் கண்டார். ஆறு இன்று புன்னைக்காயலில் கடலைச் சேர்கிறது.

வாசகர்களே! கொற்கையையும் காயலையும் தூர்த்தது இயற்கை. அதற்குப் பல நூற்றாண்டுகள் ஆயின. நம் பகுதியிலோ மனிதக் கைகளே அதைச் செய்கின்றன. 1870களில் தொடங்கிய சென்னைத் துறைமுகச் சுவர்கள் மணலைத் தெற்கே தேக்கின. மெரினா அகன்றது, வடக்கே இராயபுரம் கரை அரிக்கப்பட்டது. எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து, மீன் பெருகும் நீர் ஆழம் குன்றியது.

காயல் மக்கள் ஆறு போன திசையில் தம் துறையை மாற்றிக்கொண்டனர். நெருக்கமான இந்நகரில் நமக்கு மாறிச்செல்ல இடமேது? கழிமுகம் திறந்திருக்கும்வரைதான் நம் வலைகளுக்கு வாழ்வு. ஆகவே அதனைக் காப்பது நம் கடமை என உணர்வோமாக!