களஞ்சியத்து வண்டும் கொல்லாமை அறமும்

உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுத்துக் காணும் முறை தமிழுக்கும் சமணத்துக்கும் பொதுவானது. தொல்காப்பிய மரபியல் ஓரறிவு முதல் ஆறறிவு வரை உயிர்களை வரிசைப்படுத்துகிறது. உமாசுவாதியார் அருளிய தத்துவார்த்த சூத்திரமோ புழு, எறும்பு, வண்டு, மனிதர் எனப் புலன்கள் ஒவ்வொன்றாய்ப் பெருகுவதைக் காட்டுகிறது. இந்நெறியில் நின்ற இல்லறத்தார்க்குக் களஞ்சியமே சோதனைக்களம். ஓரறிவுத் தானியத்தைக் காக்க, அதனினும் மிக்க அறிவுடைய வண்டைக் கொல்வது எங்ஙனம் அறமாகும்?

செட்டிநாட்டில் இக்கேள்வி தொன்மையானது. அங்குள்ள குன்றக்குடிக் குகைத்தளத்தில் தமிழ்பிராமி எழுத்து காணப்படுகிறது. அவ்வட்டாரத்து நேமத்தான்பட்டி போன்ற ஊர்கள் மழையையும் கண்மாயையும் நம்பியவை. ஒருபோக விளைச்சலை ஆண்டு முழுதும் வைத்துண்ணப் பத்தாயமும் குதிரும் வேண்டியிருந்தன. சேமிப்பு நீண்டால் வண்டும் வரும்.

வண்டுகள் யாவும் ஒன்றல்ல. 1763ஆம் ஆண்டில் லின்னேயஸ் பெயரிட்ட அரிசி மூக்குவண்டுக்கு நீண்ட மூக்கும், சிறகுறையில் மங்கிய நான்கு புள்ளிகளும் உண்டு. அது தானியத்தைத் துளைத்து உள்ளே முட்டையிட்டு அடைத்துவிடும். புழு உள்ளேயே வளர்வதால் சல்லடையில் பிரியாது. நெல் துளைப்பானின் உடல் உருளை வடிவானது. தலை கீழ்நோக்கி மறைந்திருக்கும். அது இருக்குமிடத்தில் மாவுத்தூள் மிகும். செம்பழுப்பு நிறத் தட்டையான மாவு வண்டு முழுமணியைத் துளைக்காது. நொய்யிலும் மாவிலும் பெருகும். பயறு வண்டு விதையின் மேல்தோலில் முட்டையை ஒட்டுகிறது; அந்த வெண்புள்ளி கண்ணுக்கே தெரியும்.

இவ்வேறுபாட்டை அறிவதில்தான் அறம் அடங்கியிருக்கிறது. உள்ளே புழு வளர்ந்த பின்னர் நச்சுப்புகை ஒன்றே வழியென உலகம் சொல்லும். முன்னரே அறிந்தால் அந்நிலை நேராது. அறுவடையானதும் நன்கு உலர்த்துதல், நொய்யும் தூசும் நீங்கப் புடைத்தல், பத்தாயத்தின் இடுக்குகளைத் துடைத்தல், வேம்பு, நொச்சி இலைகளை உலர்த்தி இடுதல் ஆகியன வண்டு தோன்றுவதற்கே இடந்தராத முறைகள்.

கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய துளைக்குழாய்ப் பொறியும் இதற்கு உதவும். தானியத்துள் செருகிய குழாயின் துளைகள் வழியே நுழையும் வண்டுகள் கீழுள்ள கூம்பில் விழுந்து தங்கும். நஞ்சின்றி அவற்றை எடுத்து அப்புறப்படுத்தலாம். வந்தது எவ்வகை என்பதும் தொடக்கத்திலேயே விளங்கும்.

இருளில் சிற்றுயிர் தெரியாதென்றே நம் முன்னோர் இரவுணவை விலக்கினர். பகலொளியில் முறத்தைப் பரப்பித் தானியத்தை ஆய்வதும் அந்நோன்பின் மறுபக்கமே. கண்டறிதல் காத்தலின் முதற்படி.