இடது பக்கத்துக் கம்பி

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி மிகச் சிறியது. மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காருபவர் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி, கால் வைக்க ஒரு மிதி, பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் ஒரு தடுப்பு, இவை மூன்றும் இருக்க வேண்டும் என்கிறது. தடுப்பு எதற்கென்றும் விதியே சொல்லிவிடுகிறது: பின்னால் இருப்பவரின் உடை சக்கரத்தில் மாட்டாமல் இருக்க. விதியில் பெண் என்ற சொல்லே கிடையாது. ஆனால் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் போய் 'பின்சக்கரத் தடுப்பு' என்று கேட்டால் யாருக்கும் புரியாது. 'சாரி கார்டு' என்றால் உடனே எடுத்துப் போடுவார்கள்.

பெண்ணின் பெயரைத் தாங்கிய ஒரே பாகம் மோட்டார் சைக்கிளில் அதுதான். அது இருக்கும் இடம் வண்டியின் இடது பக்கம். நம் சாலைகளில் வண்டி இடப்புறம் போகிறது. ஓரத்திலிருந்து ஏறி ஒருக்களித்து உட்காருகிறவளின் கால்கள் இடது பக்கம்தான் தொங்கும். பழைய புல்லட்டில் சங்கிலியும் பல்சக்கரமும் இடது பக்கம், சுடும் சைலென்சர் வலது பக்கம். ஆக, கால் சுடாத பக்கம் சேலை மாட்டும் பக்கமாகிறது. அதற்குத்தான் அந்தக் கம்பி. ஒரு சமூகம் தன் பெண்களை எங்கே உட்கார வைத்தது என்பதை அறியக் கல்வெட்டுத் தேட வேண்டியதில்லை.

நான் வாங்கியது 1984 மாடல் புல்லட். 346 சிசி, வலது காலில் கியர், இடது காலில் பிரேக், 160 கிலோவுக்கு மேல் எடை. துரு ஏறி, கிக்கர் இறுகி, ஒரு வீட்டின் மாடிப்படிக்குக் கீழே கிடந்தது. அதைப் பிரித்துச் சீராக்கி, எனக்கென்று மாற்றி அமைத்துக்கொண்ட மாதங்களிலேயே கியர் வண்டிக்கான எல்எல்ஆரும் கையில் இருந்தது. இரண்டு வேலைகளும் ஒன்றையொன்று விரட்டின. எல்எல்ஆர் எடுத்து முப்பது நாள் கழித்துத்தான் டெஸ்ட்டுக்குப் போகலாம். ஆறு மாதத்தில் அதுவே காலாவதியாகிவிடும். பழைய என்ஜினுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது.

புல்லட் நம்மூர் வண்டி என்று நினைக்கிறோம். ஒருவகையில் அது உண்மைதான். இங்கிலாந்தில் ரெட்டிச் நகரத்து நிறுவனத்தோடு மெட்ராஸ் மோட்டார்ஸ் கைகோத்து 1955இல் என்ஃபீல்டு இந்தியா உருவானது. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. ராணுவமும் காவல்துறையும் ஓட்டிய வண்டி என்பதால் சீருடையின் மிடுக்கு அதில் ஒட்டிக்கொண்டது. பிறகு ஊர்ப்புறத்தில் நிலம் வைத்திருந்தவர்களின் வாசலில் அது நின்றது. தூரத்தில் சத்தம் கேட்டதுமே யார் வருகிறார் என்று தெரியும். திண்ணையில் இருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள். புல்லட்டை ஆண்களின் வண்டி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது அரைகுறைப் பேச்சு. அது எந்த ஆணின் வண்டி என்றும் கேட்க வேண்டும். 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகள் வெட்டப்பட்டன. அவர் புல்லட் ஓட்டியதைப் பொறுக்காத ஆதிக்க சாதி இளைஞர்கள்தான் வெட்டினார்கள் என்று குடும்பத்தார் புகார் சொன்னார்கள். நான் கார்புரேட்டரைக் கழற்றிக்கொண்டிருந்த மேசையில் ஒருநாள் பழைய செய்தித்தாளை விரித்திருந்தேன். அதில் அந்தச் செய்தி இருந்தது. என் கையில் கிரீஸ்தான் ஒட்டியிருந்தது. ஒரு பெண் புல்லட் ஓட்டுவதை 'சாதனை' என்று தோளில் தட்டிக்கொடுக்கும் அதே ஊரில், இன்னொருவர் அதை ஓட்டுவது குற்றம். இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு எழுதப்படும் 'முதல் பெண்' கதைகளில் எனக்கு ஈடுபாடு குறைவு.

புதுப்பேட்டைக்குப் போன முதல் நாள், பழைய பாகங்கள் மலைபோல் குவிந்திருந்த சந்தில் கடைக்காரர் கேட்டார்: "வீட்டுக்காரர் வரலையாம்மா? எந்த மாடல்னு அவருக்குத்தான் தெரியும்." நான் சிலிண்டரின் அளவைச் சொன்னேன். 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக். "சரிம்மா, உக்காருங்க" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். அதன்பிறகு அந்த பாய் என்னிடம் ஒருமுறைகூட வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்கவில்லை. எண்களுக்கு அப்படி ஒரு பயன் உண்டு.

அவரிடமும் அவர் அறிமுகப்படுத்திய மெக்கானிக்கிடமும் கற்றுக்கொண்டவற்றில் பெரியது, புல்லட்டை உதைத்துக் கிளப்பும் முறை. 'பொம்பளை உதைச்சா புல்லட் கிளம்பாது. பேக் கிக் அடிச்சா கால் முறியும்' என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாம். உண்மை வேறு. சாவியைப் போட்டுவிட்டு கிக்கரை மெதுவாக அழுத்த வேண்டும். டேங்குக்கு முன்னால் இருக்கும் ஆம்பியர் மீட்டரின் முள், பாயின்ட் திறக்கும் இடத்தில் நடுவுக்கு வரும். பிஸ்டன் ஏறக்குறைய உச்சிக்கு வந்துவிட்டது என்று பொருள். அந்த இடத்தில் டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்தால் சிலிண்டருக்குள் அடைபட்ட காற்று வெளியேறும். கிக்கரை இன்னும் ஒரு கீற்று கீழே இறக்கி, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, பிறகு ஒரே சீராக முழுசாக உதைக்க வேண்டும். இதில் வலுவுக்கு வேலை குறைவு. முள்ளைப் பார்க்கத் தெரிய வேண்டும், அவசரப்படக் கூடாது. சென்டர் ஸ்டாண்டும் அப்படியே: கையால் தூக்குவதில்லை, ஸ்டாண்டின் மேல் உடம்பின் எடையை இறக்கினால் வண்டி தானாக ஏறி நிற்கும். கைமாறக் கைமாற இந்தச் செய்முறை ஆண்களுக்குள்ளேயே சுற்றியது. நமக்கு வந்து சேர்ந்ததெல்லாம் 'பலம் வேணும்' என்ற ஒற்றை வரி.

கார்புரேட்டரில் ஒரு வாரம் போனது. மிக்கார்பைத் திறந்தால் உள்ளே ஜெட் என்றொரு பித்தளைத் துண்டு இருக்கும். நடுவில் ஊசிமுனை அளவு துளை. என்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்பதை அந்தத் துளைதான் தீர்மானிக்கிறது. பழைய பெட்ரோல் பிசினாகி அதை அடைத்திருந்தது. மெல்லிய செம்புக் கம்பியால் அதைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது எனக்கு பியாட்ரிஸ் ஷில்லிங் நினைவுக்கு வந்தார்.

1909இல் இங்கிலாந்தில் பிறந்தவர். பதினான்கு வயதில் அவர் வாங்கிய மோட்டார் சைக்கிளும் ராயல் என்ஃபீல்டுதான். அதைத் தானே பிரித்து மாட்டிப் பழகியவர், பிறகு மான்செஸ்டரில் பொறியியல் படித்தார். 1934இல் புரூக்லாண்ட்ஸ் பந்தயத் தடத்தில் நார்ட்டன் வண்டியில் மணிக்கு 106 மைல் வேகத்தில் சுற்றி வந்து தங்க நட்சத்திரம் பெற்றார். இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டிஷ் போர் விமானங்களின் மெர்லின் என்ஜினில் ஒரு சிக்கல் இருந்தது: விமானம் சட்டென்று மூக்கைக் கவிழ்த்துப் பாய்ந்தால் கார்புரேட்டரில் எரிபொருள் தாறுமாறாகி என்ஜின் திணறும். 1941இல் ஷில்லிங் கண்டுபிடித்த தீர்வு, துளையிட்ட ஒரு சிறிய உலோகத் துண்டு. எரிபொருள் அளவுக்கு மேல் பாயாமல் அது கட்டுப்படுத்தியது. விமானிகளின் உயிரைக் காத்த அந்தத் துண்டுக்கு ஆண்கள் வைத்த செல்லப்பெயர் 'மிஸ் ஷில்லிங்கின் துவாரம்'. அதில் இருந்த ஆபாச இளிப்பை விளக்க வேண்டியதில்லை. மோட்டார் சைக்கிளின் பாகத்துக்கு நம்மூரில் பெண்ணின் உடை பெயரானது. அங்கே ஒரு பொறியாளரின் கண்டுபிடிப்புக்கு அவர் உடலே பெயராக்கப்பட்டது.

புரூக்லாண்ட்ஸ் தங்க நட்சத்திரம் பெற்ற பெண்கள் மூன்றே பேர். மற்ற இருவர் ஃபுளோரன்ஸ் பிளென்கிரனும் தெரசா வாலக்கும். இவர்கள் இருவரும் 1934 டிசம்பரில் 600 சிசி பாந்தர் வண்டியில் சைடுகாரும் டிரெய்லரும் கட்டிக்கொண்டு லண்டனிலிருந்து கிளம்பி, சகாராவைக் கடந்து கேப் டவுன் போய்ச் சேர்ந்தார்கள். அவர்கள் கடந்தது பெரும்பாலும் காலனி நிலம் என்பதையும், அவர்களுக்குத் திறந்த வாசல்கள் அந்த மண்ணின் பெண்களுக்குத் திறந்திருக்கவில்லை என்பதையும் சேர்த்தேதான் நான் படிக்கிறேன். வாலக் பிற்காலத்தில் அமெரிக்காவில் மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி நடத்தினார். சகாரா பயணத்தைவிட எனக்கு அதுவே பெரிதாகப் படுகிறது.

என் என்ஜின் லேத் பட்டறையில் போர் அடிக்கப் போய் இரண்டு மாதம் திரும்பவில்லை. எல்எல்ஆரில் நான்கு மாதம் முடிந்திருந்தது. நான் பணம் கட்டியிருந்த டிரைவிங் ஸ்கூலில் ஒரு யோசனை சொன்னார்கள்: "கியர் இல்லாத வண்டிக்கு மாத்திப் போட்டுருங்க மேடம். ஸ்கூட்டில ஒரு எட்டு போட்டா முடிஞ்சுது. லேடீஸ் எல்லாம் அப்படித்தான் எடுக்கறாங்க."

லேடீஸ் எல்லாம் ஏன் அப்படி எடுக்கிறார்கள்? ஓட்டுநர் உரிமத்தில் கியர் உள்ள இருசக்கர வாகனம், கியர் இல்லாதது என்று இரண்டு வகை. சட்டத்தில் ஆண் வகை, பெண் வகை என்று எதுவுமில்லை. அந்தப் பிரிவைச் சந்தை போட்டது. 1980இல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50 இருவர் போகக்கூடிய மொபெட். ஆசிரியைகளும் செவிலியர்களும் அதில் ஏறினார்கள். 1984இல் வந்த கைனடிக் ஹோண்டாவில் கியர் மாற்றவும் வேண்டாம், உதைக்கவும் வேண்டாம். இந்த வண்டிகள் நமக்குத் தந்த விடுதலை சாதாரணமானதல்ல. பேருந்து நெரிசலில் உரசும் கைகளிலிருந்து தப்பித்த ஒவ்வொருத்திக்கும் அது தெரியும். ஆனால் கதவு திறந்த கையோடு ஒரு கோடும் கிழிக்கப்பட்டது. 2018இல் தமிழக அரசு அம்மா இருசக்கர வாகனத் திட்டத்தைக் கொண்டுவந்தது. வேலைக்குப் போகும் பெண்களுக்கு வண்டி விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம். நல்ல திட்டம்தான், குறை சொல்ல மனம் வரவில்லை. என்றாலும் வண்டி 125 சிசிக்கு மேல் போகக் கூடாது என்பது நிபந்தனையாக இருந்தது. மானியத்துக்கு வரம்பு வேண்டும்தான். ஆனால் அந்த வரம்பு விலையோடு நிற்காமல் என்ஜினின் அளவுக்கும் போனது.

இந்தக் கோட்டை மதிக்காமல் போனவர்கள் முன்பே இருந்தார்கள். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் முனைப்பில் சைக்கிள் ஓட்டுவதும் எழுத்தறிவின் பகுதியானது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கிராமப் பெண்கள் கற்றுக்கொண்டதாக பி.சாய்நாத் பதிவுசெய்திருக்கிறார். கேலிக்கும் வசவுக்கும் நடுவே ஓட்டினார்கள். லேடீஸ் சைக்கிள் போதிய அளவு கிடைக்காததால் பலர் பார் வைத்த ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்தார்கள். எடுத்த பிறகு சிலருக்கு அதுதான் பிடித்துப்போனது. பாரில் குழந்தையை உட்கார வைக்கலாமே! கல்குவாரியிலும் வயலிலும் வேலை செய்த அந்தப் பெண்களுக்கு ஆண் வண்டி, பெண் வண்டி என்ற பாகுபாடு எதற்கு?

நான் மாற்றிப் போடவில்லை. பட்டறைக்குத் தினமும் போய் நின்றேன். ஒரு சைஸ் கூடுதலான பிஸ்டனோடு என்ஜின் ஐந்தாம் மாதத் தொடக்கத்தில் வந்தது.

கஸ்டம் என்றால் பெரும்பாலும் வெட்டுவதுதான். போருக்குப் பிந்தைய அமெரிக்காவில் பாபர், 1960களின் லண்டனில் கஃபே ரேசர் என்று இளைஞர்கள் தங்கள் வண்டிகளைக் குறைத்தார்கள்: மட்கார்டை நறுக்கு, பின்சீட்டை எடு. நம்மூர் கஸ்டம் பட்டறைகளில் முதலில் கழன்று விழுவது சாரி கார்டு. "அசிங்கமா இருக்கு, தூக்கிரலாமா?" என்று என்னிடமும் கேட்டார்கள். சட்டப்படி அது வேண்டும். உற்பத்தியாளர் தந்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றிவிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. ஆர்சி புக்கில் இருப்பது கருப்பு, அதனால் நிறமும் கருப்பே. ஆனால் சட்டத்தைவிட எனக்கு வேறொரு காரணம் முக்கியமாக இருந்தது. என் அம்மா சேலைதான் கட்டுவாள், ஒருக்களித்துத்தான் உட்காருவாள். கம்பியைத் துரு நீக்கிப் பெயின்ட் அடித்து மாட்டினேன்.

நான் மாற்றியது வேறு இடத்தில். ஐந்தடி இரண்டு அங்குல உடம்புக்கு அந்த வண்டியில் எதுவும் எட்டாது. ஹேண்டில்பாரைச் சற்றுப் பின்னுக்கு வளைந்ததாக மாற்றினேன். கிளட்ச் கேபிளைப் புதிதாகப் போட்டு இலகுவாக்கினேன். சீட் தைக்கும் கடையில், பின்கட்டில் மெஷினில் உட்கார்ந்திருந்த பெண் எழுந்து வந்து பார்த்தார். "நீங்களே ஓட்டவாக்கா? அப்ப உங்க கால் அளவுக்குத்தான் வெட்டணும். ஏறி உக்காருங்க." நான் ஏறி உட்கார, என் இரண்டு பாதமும் தரையில் படியும் வரை சாக்பீஸால் கோடு போட்டுப் போட்டு ஸ்பாஞ்சைச் செதுக்கினார். பல வருடமாகப் புல்லட் சீட் தைக்கிறாராம். ஒரு பெண்ணுக்காக அளவெடுத்தது அன்றுதானாம்.

வலது கியர் பழகவே மூன்று வாரம். 1970களில் அமெரிக்கப் பாதுகாப்பு விதிகள் வந்தபின் உலகத்து மோட்டார் சைக்கிள்கள் கியரை இடது காலுக்கு மாற்றிக்கொண்டன. திருவொற்றியூர் புல்லட் மட்டும் நெடுங்காலம் பழைய ஆங்கிலேய வழக்கத்திலேயே நின்றது. டெஸ்ட் அன்று வரிசையில் ஆண்கள் எல்லாம் புது வண்டிகளோடு நின்றார்கள். எட்டுக்குள் முதல் கியரில், பாதி கிளட்சில், இடது கால் பின்பிரேக்கை லேசாக இழுத்துப் பிடித்தபடி போனால் கனமான வண்டி ஆச்சரியமாக நிலைகொள்ளும். கால் ஊன்றாமல் வெளியே வந்தேன். ஆய்வாளர் குறித்துக்கொண்டே, "வண்டி யாரோடது?" என்றார். ஆர்சி புக்கை நீட்டினேன். பெயரைப் பார்த்தார், அதற்குக் கீழே மகள் அல்லது மனைவி என்று இன்னாரைக் குறிப்பிடும் வரியையும் பார்த்தார். அது என் உரிம அட்டையிலும் வந்திருக்கிறது.

போர் அடித்த என்ஜினை முதல் 500 கிலோமீட்டருக்கு விரட்டக் கூடாது. 50ஐத் தாண்டாமல் ஓட்டி, ஆயிலை மாற்ற வேண்டும். இதுவரை 212 ஓடியிருக்கிறது.